பனியன் துணி ஸ்ட்ரெச்சர்

போன வாரம் எங்கள் கம்பெனி சாம்பிள் ரூமிலிருந்து ஒரு குட்டி டி-ஷர்ட் என் மேசைக்கு வந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கான அளவு. நெஞ்சு முழுக்க எம்ப்ராய்டரி பேட்ஜ்கள். கூடாரம், திசைகாட்டி, கயிற்று முடிச்சு, எரிகிற விறகு. சாரணர் உடுப்பில் இருக்குமே, அதே மாதிரி. இன்னும் ஜட்டியை நனைத்துக்கொண்டிருக்கும் வயதில் ஒரு குழந்தை காட்டில் தனியாகத் தீ மூட்டி, திசை கண்டுபிடித்து, முடிச்செல்லாம் போட்டுவிட்டு வந்துவிட்டதாம். "அக்கா, எம்ப்ராய்டரி ஓகேவா?" என்று ஜூனியர் பெண் கேட்டாள். நான் ஒரு பேட்ஜை மோந்து பார்த்தேன். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசிங்கில் ரொம்ப வருஷம் இருந்தால் இப்படித்தான் ஆகிவிடும் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருப்பாள்.

புது எம்ப்ராய்டரிக்கு ஒரு வாசனை உண்டு. பின்பக்கம் ஒட்டும் பேப்பரும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. எங்கள் பள்ளியில் சாரணியர் அணியை நடத்திய ரூபி டீச்சரின் தகரப் பெட்டியைத் திறந்தாலும் அதே வாசனைதான் வரும். உள்ளே பேட்ஜ்கள் வரிசையாக இருக்கும். பார்க்கலாம், தொடக்கூடாது. வாங்குகிற அன்றைக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்பார் டீச்சர். நகைக்கடையில்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

சாரணியத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் நுழைவு. பிறகு முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. அதற்கு மேல் மாநில விருது. படிக்கு ஒரு பேட்ஜ். நுழைவும் முதல் இரண்டு படிகளும் பள்ளியிலேயே முடிந்துவிடும். பாட்டு பாடத் தெரிந்து, சல்யூட் அடிக்கத் தெரிந்து, டீச்சருக்குக் கொஞ்சம் மனசும் இருந்தால் போதும். மூன்றாம் படி அப்படியில்லை. வெளியூர் முகாமுக்குப் போய், முன்பின் தெரியாத தேர்வாளர் முன்னால் செய்துகாட்ட வேண்டும். மூன்றாம் படி வாங்கிய அக்காக்கள் பள்ளியில் நடக்கிற நடையே வேறு. எனக்கு அந்த நடை வேண்டியிருந்தது.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருப்பூரே ஷிப்மென்ட் ஷிப்மென்ட் என்று ஓடிக்கொண்டிருந்த காலம். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையிலிருந்து நின்றுகொண்டே துணி வெட்டுகிறவர். அவரைப் பொறுத்தவரை சாரணியம் என்பது பெண்பிள்ளைகள் கூடிக் கயிறு கட்டி விளையாடுவது. முகாமுக்குக் கையெழுத்து கேட்டபோது போட்டுக்கொடுத்தார். போட்டுவிட்டு, "பத்தாவது வந்துட்டா இந்தக் கயிறு கட்டற வேலையெல்லாம் கெடையாது கண்ணு. வாங்கறதை இப்பவே வாங்கிக்க" என்றார். சத்தம் போட்டுச் சொன்னால் அழுது காரியம் சாதிக்கலாம். அவர் தன்மையாகச் சொல்லிவிட்டதால் பேச இடமில்லை. இந்த முகாமில் மூன்றாம் படி கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் அவ்வளவுதான்.

எங்கள் அணிக்கு சூரியகாந்தி என்று பெயர். ஆறு பேர். நான் தலைவி. மேகலா என் வலது கை. அவள் வீட்டில் சின்னதாக ஒரு பனியன் தையல் யூனிட் வைத்திருந்தார்கள். அவளுக்கு உலகமே துணியாகத்தான் தெரியும். இயற்கை அறிவு என்று ஒரு பாடம் உண்டு. பறவை, மரம், காற்றடிக்கும் திசை எல்லாவற்றையும் கவனித்துச் சொல்ல வேண்டும். ஒருநாள் டீச்சர் எங்களை நொய்யல் பாலத்துக்குக் கூட்டிப்போய் என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒருத்தி கொக்கு என்றாள். இன்னொருத்தி வேலமரம் என்றாள். மேகலா சாயப்பட்டறைக் கழிவு ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, நேற்று மெரூன், இன்றைக்கு நேவி ப்ளூ, யாருக்கோ ஆர்டர் மாறியிருக்கிறது என்றாள். டீச்சர் அதற்கும் மார்க் போட்டார்.

முடிச்சு போடப் பள்ளியில் தேங்காய் நார்க் கயிறு கொடுப்பார்கள். உள்ளங்கையைப் பிறாண்டி எடுத்துவிடும். அதனால் மேகலா யூனிட்டிலிருந்து கட்டிங் வேஸ்ட்டை முறுக்கிக் கயிறாக்கிக் கொண்டுவந்தாள். ரோஸ், மஞ்சள், கிளிப்பச்சை. என்ன மெத்தென்ற கயிறு தெரியுமா. எந்த முடிச்சும் சொன்னபடி கேட்கும். கொஞ்சம் இழுத்தால் நீண்டுகொடுக்கும், அதை நாங்கள் ஒரு நல்ல குணமாகவே எடுத்துக்கொண்டோம். பனியன் துணி நீளும் என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் சமயத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

மூன்றாம் படியில் பெரிய தேர்வு ஸ்ட்ரெச்சர். காட்டில் ஒருவருக்கு அடிபட்டுவிட்டால் கையில் இருப்பதை வைத்துத் தூக்கிவர வேண்டும். இரண்டு நீளக் கம்புகளை மூன்று நான்கு சட்டைகளுக்குள் நுழைத்தால் ஸ்ட்ரெச்சர் தயார். மற்ற பள்ளிப் பிள்ளைகள் அப்பாவின் பழைய சட்டையையோ சாக்கையோ கொண்டுவருவார்கள். நாங்கள் திருப்பூர். எங்களிடம் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் டி-ஷர்ட்டுகள் இருந்தன. ஆரஞ்சு நிறம், டபுள் எக்ஸ்எல், ஜெர்மனி ஆர்டர். கழுத்துத் தையல் கோணலாகப் போனதால் திரும்பி வந்தவை. ஜெர்மன்காரன் உடம்புக்கே போட்ட அளவு, நம் ஊர் ஆளைத் தாங்காதா என்றாள் மேகலா. பள்ளியில் ஒத்திகை பார்த்தோம். படுத்தது சரசு. மங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள், அணியிலேயே எலும்பும் தோலுமானவள். தொட்டிலில் கிடப்பது மாதிரி சுகமாக இருக்கிறது என்றாள். அந்தத் தொட்டில் என்ற வார்த்தையிலேயே நாங்கள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முகாம் அமராவதி நகரில். அணைக்குப் பக்கத்தில் ஒரு மைதானம், புளியமரங்கள், வரிசையாகக் கூடாரங்கள். முதல் நாள் நாங்கள் பொங்கிய பொங்கலைப் பக்கத்திலிருந்த முதலைப் பண்ணைக்கு அனுப்பினால்கூட முதலைகள் திருப்பி அனுப்பியிருக்கும். ஆனாலும் சமையலில் பாஸ். விறகில் தீ மூட்டியதிலும் பாஸ். பேன்டேஜ் கட்டு, திசை எல்லாவற்றிலும் தேறிவிட்டோம். பாக்கி இருந்தது ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான்.

தேர்வாளர் மேடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல ஆகிருதி. மற்ற அணிகளில் சின்னப் பிள்ளையைப் படுக்கவைத்துத் தூக்குவதைப் பார்த்து அலுத்துப்போயிருந்தார் போல. எங்கள் ஆரஞ்சு ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, நானே படுக்கிறேன் என்றார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. சாக்கு வைத்திருந்த அணியைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டோம்.

மேடம் சேலையைச் சரிசெய்துகொண்டு படுத்தார். நான் முன்பக்கம் திரும்பி நின்று கம்பைப் பிடித்தேன். ஒன், டூ, த்ரீ என்றேன். கம்பு இடுப்பு உயரத்துக்குச் சுலபமாக வந்தது. இவ்வளவு பெரிய மேடம் இவ்வளவு லேசா என்று ஆச்சரியம்தான். என் பலத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது. முன்னே நட என்று உத்தரவு கொடுத்து இரண்டு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து அமைதியாக ஒரு குரல் வந்தது.

"ஏட்டி, கம்புதான் மேல போயிருக்கு. நான் தரையிலதான் கெடக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். டி-ஷர்ட்டுகள் ஒவ்வொன்றும் தூளி மாதிரி நீண்டு தொங்கின. அந்தக் குழிக்குள் மேடத்தின் முதுகு புல்லில் உரசிக்கொண்டிருந்தது. மைதானமே சிரித்தது. ரூபி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புளியமரத்துப் பக்கம் திரும்பிவிட்டார். மேகலா மட்டும் நிதானம் இழக்கவில்லை. ஆர்டர் கொடுக்க வருகிற பையர் முன்னால் அவள் அப்பா பேசுகிற அதே பணிவோடு, "லைக்ரா மிக்ஸிங்க மேடம். ஒருக்கா கழுவுனா பழைய அளவுக்கு வந்துருமுங்க" என்றாள்.

மேடம் எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை. பெயில் என்றும் சொல்லவில்லை. நாளைக் காலையில் இன்னொரு தடவை பார்க்கிறேன், நீளாத துணியில் கட்டுங்கள் என்றார். பெரிய ஆளைத்தான் தூக்க வேண்டும், ஆனால் அந்தப் பெரிய ஆள் இனி தான் இல்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார்.

நான் கூடாரத்துக்குள் போய் அழுதேன். இங்கே கோட்டைவிட்டால் வீட்டில் இன்னொரு வாய்ப்பு இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் பைகளைக் கொட்டித் துணி தேடினார்கள். நீங்கள் திருப்பூர்க்காரர் இல்லையென்றால் நம்பமாட்டீர்கள். ஆறு பெண்களின் பைகளில் நீளாத துணியாகக் கிடைத்தது நாலு கைக்குட்டைதான். எங்கள் வீடுகளில் தலையணை உறையிலிருந்து கரித்துணி வரை எல்லாமே பனியன் துணி. போர்வைகூட மிச்சத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான். கடைசியில் சரசு தன் விரிப்பை உருவி எடுத்தாள். அவள் வீட்டுப் பவர்லூமில் ஓட்டிய காடாத் துணி, வெளுக்காதது. முந்தின நாள்தான் அது உடம்பைச் சுரண்டுகிறது என்று அவள் பக்கத்தில் படுக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தோம். விரிப்பை நீட்டியபோது, "கிழிஞ்சா எங்கம்மாளுக்கு நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றாள். சொல்கிறோம் என்று எல்லோரும் கோரஸாகச் சொன்னோம்.

மறுநாள் காலை எங்களைக் கூட்டிப்போக அப்பா கம்பெனி வேனோடு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முதலாளியிடம் கேட்டு வாங்கியிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஒரு ஆள் வேண்டும் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே வேன் டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். மேடம் சுற்றிப் பார்த்தார். எல்லோர் பார்வையும் அப்பா மேல் வந்து நின்றது. நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடவே கூச்சப்படுகிற மனிதரைப் படுங்கள் என்று எப்படிச் சொல்வேன். மேகலாதான் போய், "அங்கிள், நீங்க படுத்தாத்தான் எங்களுக்குப் பேட்ஜு" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குனிந்து காடாவை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, திருப்தியாகி, படுத்தார். கண்ணை மூடிக் கைகளை நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டார். ரூபி டீச்சர் பதறிப்போய், அப்படிப் படுக்காதீர்கள், அடிபட்டவர் மாதிரிப் படுங்கள் என்றார்.

"எனக்கு எங்கீங்க அடிபட்டிருக்குது?" என்றார் அப்பா, வேலை விவரம் கேட்பது போல.

காலில் என்றார் மேடம். அப்பா உடனே ஒரு முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சுற்று முடிகிறவரை கால் மாறிவிடாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டார், அது வேறு விஷயம்.

ஒன், டூ, த்ரீ. இந்தத் தடவை கம்போடு அப்பாவும் வந்தார். கனம் என்றால் அப்படியொரு கனம். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கொடிக்கம்பத்தை ஒரு சுற்று வர வேண்டும். பாதிச் சுற்றில் என் பக்கத்துக் கம்பு தாழ ஆரம்பித்தது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலைமாட்டில் கம்பைப் பிடித்திருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கை நோவுதா கண்ணு? எறங்கிக்கட்டுமா?" என்றார். "வேண்டாம்ப்பா, அசையாமப் படுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவுக்கு நான் உத்தரவு போட்டேன். அவர் கேட்டுக்கொண்டார்.

சுற்றை முடித்து இறக்கினோம். பாஸ் என்றார் மேடம். ஆறு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். சரசு முதல் வேலையாக விரிப்பில் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். அப்பா சட்டையைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு மேடத்திடம் போனார். கிளம்புகிறோம் என்று சொல்லிக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏனுங்க மேடம், இதுக்கு மேல என்ன படி இருக்குதுங்க?"

மாநில விருது, அது பத்தாம் வகுப்பில்தான் என்றார் மேடம். அப்பா தலையை ஆட்டினார். "செரிங்க, செய்யட்டுங்க" என்றார். வேனில் வரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம்.

மூன்றாம் படி பேட்ஜைத் தொட்டேன், குத்திக்கொண்டேன், அந்த நடையையும் நடந்தேன். ஆனால் நடந்தது பத்து நாள்கூட இருக்காது. கோடை விடுமுறை வந்தது. ஜூனில் பள்ளி திறந்தபோது ரூபி டீச்சருக்கு மாற்றல் ஆகியிருந்தது. தகரப் பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போனது. மாநில விருதுக்கு அப்பாவிடம் அனுமதி இருந்தது, பள்ளியில் அணி இல்லை.

இப்போது எங்கள் பள்ளி மைதானத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. மேகலா கல்யாணமாகி ஈரோடு போய்விட்டாள், சரசு எங்கே இருக்கிறாளோ. அணியை யாரும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. போன தை மாதம் அப்பாவும் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அந்த ஜூன் மாதத்து ஒரு காலைப்பொழுதைத்தான். அப்பா கம்பெனிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்க்கப் போனார். சாரணியத்தை எடுத்து நடத்த ஆசிரியர் யாரும் முன்வரவில்லை, ஆள் இல்லாமல் என்ன செய்வது என்றார் அவர். அப்பாவுக்குத் தெரிந்த சாரணியம் ஒன்றே ஒன்றுதான். கைகட்டி நின்றபடி, ரொம்ப மரியாதையாக, "ஆளுதானுங்க பிரச்சினைன்னா, எப்பக் கூப்பிட்டாலும் நான் வந்து படுத்துக்கறனுங்க" என்றார்.