குடையோடு வகுப்புக்குள் புகுந்தேன்

ஆண்டவருடைய பிள்ளைகளே, என் மகள் ஜெனிற்றாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த அன்றுதான் எங்கள் வீட்டில் அழுகை தொடங்கியது. அங்கே பாடமெல்லாம் ஆங்கிலத்தில் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தமிழில் படித்தவள். ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டாலே ஊமையாகிவிடுவாள். "எனக்கு ஏலாதம்மா, நான் போகேல்லை" என்று குப்புறப் படுத்துவிட்டாள். சண்டை நேரம் சம்பூரிலிருந்து கைக்குழந்தையாக நான் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை. தகப்பனும் இல்லை. "ஆண்டவரே, இவளுடைய வாயைத் திறந்துவிடும்" என்று மட்டும் கேட்டேன். வேறு ஜெபம் வரவில்லை.

அந்தக் கிழமையே செய்தி வந்தது. பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபத்தில், புதிதாகப் போகிறவர்களுக்கு லீவு நாட்களில் வகுப்பு. ஆங்கிலமும், பல்கலைக்கழக நடைமுறைகளும். கற்பிப்பது நம் மாவட்டத்து மூத்த மாணவர்கள். இலவசம்.

நீங்களென்றால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நான் சந்தேகப்பட்டேன். ஏன் சும்மா கற்பிக்கிறார்கள்? மூத்தவர்கள் புதுப் பிள்ளைகளுக்குச் செய்யும் பகிடிவதையை இங்கேயே தொடங்கப் போகிறார்களோ? உதவி தருகிறோமென்று பெயர் பதிய வந்தவர்களை நம்பிக் கெட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். "ஆண்டவரே, இதில் கள்ளம் இருந்தால் காட்டித் தாரும்" என்று அடுத்த ஜெபத்தைத் தொடங்கினேன்.

வேறு வழியில்லாமல் மகளை அனுப்பிவிட்டு, சாப்பாட்டுப் பார்சலைச் சாட்டாக வைத்துக்கொண்டு நானும் போய் வாசலில் இருப்பேன். கிண்ணியாவைச் சேர்ந்த நஸ்ரின் என்ற மூத்த மாணவி, "வெயிலுக்க இருக்காதீங்க அன்ரி, உள்ள வாங்க" என்பாள். அந்த மரியாதையிலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு நாள் யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஜெனிற்றா நடுவில் தலை குனிந்து நிற்கிறாள். நஸ்ரின் விரலை நீட்டி ஆங்கிலத்தில் அதட்டுகிறாள். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். என் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. ஆண்டவர் கள்ளத்தைக் காட்டிவிட்டார் என்றே நினைத்தேன். குடையை ஓங்கிக்கொண்டு உள்ளே புகுந்தேன்.

"என்ர பிள்ளையில கை வச்சுப் பாருங்கோ!"

நஸ்ரின் வெலவெலத்துப் போனாள். "அன்ரி, இது நடிப்பு! பகிடிவதை செய்ய வந்தா எப்பிடி மறுத்துப் பேசுறதெண்டு பழக்கிறம்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓங்கிய குடையை இறக்கவும் தோன்றவில்லை.

அப்போதுதான் ஜெனிற்றா நிமிர்ந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்று, எல்லாரையும் பார்த்து, உரத்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். 'மதர்' என்ற சொல் மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. சிரிப்பு அடங்கிவிட்டது.

நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'இவ என்ட அம்மா, அவவைப் பாத்துச் சிரிக்காதீங்க' எண்டு சொல்றா அன்ரி. வகுப்புக்கு வந்த நாளிலயிருந்து இண்டைக்குத்தான் வாய் திறந்தவ."

நான் அந்த இடத்திலேயே அழுதேன்.

இப்போது ஜெனிற்றா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுதி அறையில் கூட இருப்பது யார், எப்படிப்பட்டவர்கள் என்று நான் இன்னும் துருவித் துருவிக் கேட்கிறேன். அந்தக் குணம் போகவில்லை. ஆனால் ஆண்டவர் செய்யும் உதவியைக் கண்டால் இப்போது முதலில் நன்றி சொல்கிறேன், பிறகுதான் விசாரிக்கிறேன். முழு நம்பிக்கை வரட்டும், பிறகு ஜெபிப்போம் என்று இங்கே யாராவது இருந்தால், காத்திருக்க வேண்டாம். சந்தேகத்தோடேயே கேளுங்கள். நான் குடையை ஓங்கிக்கொண்டு நின்ற இடத்தில்தான் அவர் எனக்குப் பதில் தந்தார்.