அல்தேமார் சுமை ஏற்றிய காலை

எல்வியாவை நான் முதலில் பார்த்த அன்று, அவள் ஊசிக்குக் கையை நீட்ட மாட்டேன் என்று அடுப்படியை விட்டு நகராமல் நின்றாள். மலை வீடுகளில் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கப் போன எங்கள் பல்கலைக்கழகக் குழுவுக்குக் கதவைத் திறந்தாள், காபி கொடுத்தாள், கையை மட்டும் கொடுக்கவில்லை.

"என் ரத்தத்துல அது இருக்குன்னு தெரிஞ்சா, நீயா தம்பி வந்து என்னைத் தாலாட்டித் தூங்க வைப்பே? அண்ணன்கிட்ட எடுத்துக்கோ. அவரு நெனப்பு இங்க இருந்தாத்தானே வலிக்கும்!"

'அது' என்றால் போபேரா. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் வந்து ஆளை உள்ளிருந்து அழிக்கிற மறதி. யாருமால் ஊரைச் சுற்றிய எங்கள் மலைகளில் சில குடும்பங்களுக்கு மூக்கும் நிறமும் வருவதுபோல அதுவும் வரும். எல்வியாவின் அம்மாவுக்கு வந்தது, மாமாவுக்கு வந்தது, அண்ணன் அல்தேமாருக்கு நாற்பத்தாறு வயதில் வந்தது. அப்போது எல்வியாவுக்கு நாற்பத்திரண்டு. மாவில் உப்புப் போட்டோமா என்று ஒரு கணம் தயங்கினாலும், அதுதானோ என்று நினைப்பாள்.

அல்தேமார் ஆயுசெல்லாம் கோவேறு கழுதைகளில் வெல்லமும் காபியும் ஏற்றி மலை இறக்கியவர். வியாதி வந்ததும் கழுதைகளை விற்றுவிட்டார்கள். மெதெயின் நகரத்தில் தையல் வேலை பார்த்த மூத்தவள் ரூபியேலா வாரம் தவறாமல் போனில் சொல்வாள்: "அவன இங்க ஒரு இல்லத்துல விட்டுரலாம்டி. நீ எத்தனை நாளைக்குத்தான் தாங்குவே?"

"இல்லத்துல கட்டிலோட கட்டிப் போடுவாங்க. என் வீட்டுல யாரும் யாரையும் கட்ட மாட்டாங்க" என்பாள் எல்வியா.

அந்தக் காலை, மழை விட்டு விடிந்த நேரம். எல்வியா குனிந்து சோள மாவில் அரேப்பா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று உலகம் இருண்டது. பழைய வியர்வை நாற்றமடித்த கனத்த துணி ஒன்று கண்ணில் விழுந்து, பின்னந்தலையில் முடிச்சு இறுகியது.

"ஓ... ஓ... நில்லு கனேலா. ஆடாதடி ராசாத்தி."

கனேலா விற்றுப்போன கழுதைகளில் ஒன்று. சுமை ஏற்றும்போது மிரளாமல் இருக்கக் கழுதையின் கண்ணைக் கட்டுவது மலை வழக்கம்.

"அண்ணே! நான்தான்ணே, எல்வியா!"

பதிலுக்கு மார்பைச் சுற்றிக் கயிறு விழுந்தது. அவள் திமிறினாள். விலாவில் முழங்காலை ஊன்றி அவர் ஓர் இழுப்பு இழுத்தார். மூச்சு நின்றுவிட்டது. துள்ளுகிற கழுதைக்கு இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவும் அப்படித்தான் செய்வார். உடம்பைத் தளர்த்தி, அசையாமல் நின்றாள். கயிறு ஒரு விரல் அளவு இளகியது. முதுகில் சோள மூட்டை ஏறியது. எத்தனை பதமான கை! வலது பக்கம் சாய்ந்த மூட்டையைத் தட்டி நேராக்கக்கூட அவர் மறக்கவில்லை.

சுமை ஏற்றி முடித்ததும் கழுதையின் கண்ணை அவிழ்த்துவிட வேண்டும். அதை மட்டும் மறந்துவிட்டார்.

கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். ஈர மண்ணில் அவள் கால் வழுக்கியது. காற்று மாறியதில், வீட்டுக்குப் பின்னால் இறங்கும் பழைய பாதை என்று தெரிந்தது. அந்தப் பாதை முடிகிற இடத்தில் மரப்பாலம் இருந்தது. போன மழையில் ஆறு அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் தலைக்குள் மட்டும் அது இன்னும் அப்படியே நின்றது. ஆற்றின் இரைச்சல் நெருங்கிக்கொண்டே வந்தது. கத்தினால் இறுக்குவார். ஓடினால் எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியாது.

கனேலாவாக இருந்தால் என்ன செய்யும்?

காலை ஊன்றி நின்றுவிட்டாள். அவர் இழுத்தார். நகரவில்லை.

"நடடி சனியனே! சந்தை முடிஞ்சு போயிரும்!" இடுப்பில் ஓர் அறை விழுந்தது.

எல்வியா தலையைப் பின்னால் இழுத்து மூக்கால் புஸ்ஸென்று ஊதினாள். ஒருமுறை, இன்னொருமுறை.

கயிறு தொய்ந்தது. அல்தேமாரின் குரல் இறங்கிவிட்டது. "என்னடி ஆத்தா? எதை மோந்தே?"

பிடிவாதமாக நிற்கிற கழுதையை அடிப்பவன் புதியவன். பழைய ஆள், அது எதைக் கண்டது என்று பார்ப்பான். அவர் வந்து துணியை அவிழ்த்தார். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஓரெட்டுக்கு அப்பால் தரையே இல்லை. கீழே சேறு கலங்கிய ஆறு போய்க்கொண்டிருந்தது.

"பாலத்த எவனோ களவாண்டு போயிட்டான்!" என்றார் அல்தேமார். பிறகு அவள் கன்னத்தைத் தடவி, "நல்ல புள்ள" என்றார். தங்கை என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை.

மேட்டில் எதிர்வீட்டு நொயெமி பால் குடத்தோடு நின்றாள். "மாதாவே! எல்வியா, இதென்னடி கோலம்?"

"சந்தைக்குப் போறோம்க்கா. உனக்கு ஏதாவது வாங்கணுமா?" என்று சொன்ன எல்வியா, மூட்டையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்குத் திரும்பினால் பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. கொண்டி தொங்கியது. ராத்திரி அதைப் போட்டுப் பூட்டுவது அவள் வேலை; பூட்டியிருந்தால் அவரால் திறந்திருக்க முடியாது. போட்டோமா? அடுப்பை அணைத்தது நினைவில் இருந்தது, செபம் சொன்னதும் இருந்தது. கொண்டியைப் போட்டது மட்டும் நினைவில் இல்லவே இல்லை. கொண்டியைப் போட்டுப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

அன்றே அவள் ரூபியேலாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பவே சொன்னேன்ல, அவனை அனுப்பி வைடின்னு."

"அவரை அனுப்ப மாட்டேன். நீ கிளம்பி வா."

"எனக்கு இங்க பொழப்பு இருக்குடி!"

"உனக்கு அம்பத்திரண்டு ஆச்சுக்கா. உனக்கு இனி வராது, நீ தப்பிச்சுட்டே. நான் நேத்து கொண்டியப் போட்டேனான்னு எனக்கே தெரியலை. அவரை நான் பார்த்துக்கறேன். என்னை யாரு பார்க்கறது?"

ஞாயிற்றுக்கிழமை ரூபியேலா வந்தாள்; பேருந்தின் கூரையிலிருந்து அவள் தையல் இயந்திரமும் இறங்கியது.

இப்போது அல்தேமார் படுக்கையில் இருக்கிறார். பேச்சு நின்றுவிட்டது. தங்கையும் அக்காவும் முறை வைத்துப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். ராத்திரி கதவைப் பூட்டுவது ரூபியேலா. எல்வியாவுக்கு நாற்பத்தைந்து நடக்கிறது; அண்ணனுக்கு வந்தது நாற்பத்தாறில்.