புயலுக்காக நின்றுபோன சோலைமுத்து

சோலைமுத்து அண்ணனுக்கு மேகப் பைத்தியம். நானாகச் சொல்லவில்லை, மஸ்கட் ரூவியில் தண்ணீர் லாரி ஓட்டுகிற அத்தனை பேரும் சொல்வார்கள். முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். மழை பார்க்க ஆசைப்பட்டவரைக் கொண்டுவந்து மஸ்கட்டில் இறக்கியிருக்கிறான் என்றால், ஆண்டவனுக்கும் என்னைப் போலக் குசும்பு ஜாஸ்தி.

வெள்ளிக்கிழமை டூட்டி கிடையாது. தொழிலாளர் கேம்ப்பில் மற்றவர்கள் துணி துவைத்து, கோழிக் குழம்பு வைத்து, கவிழ்ந்து படுத்துவிடுவார்கள். இவர் யாரிடமாவது ஒரு ஓட்டை பிக்கப்பை இரவல் வாங்கிக்கொண்டு மலைப்பக்கம் போவார். கோடையில் மத்தியானத்துக்கு மேல் மலைத்தலையில் திடீரென்று மேகம் கட்டும். ஒரு மணி நேரம் கொட்டும். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற வாதியில், அதாவது அந்த ஊர்க் காட்டாற்றில், செந்தண்ணீர் சுவர் மாதிரி உருண்டு வரும். கரையில் நின்று அதைப் பார்த்துவிட்டால் அந்த வாரம் அவருக்குத் தீபாவளி.

சமாயில், நிஸ்வா, ருஸ்தாக் என்று மலையடி ஊர்கள் எல்லாவற்றிலும் அவருக்குத் தமிழ் டிரைவர்கள் பழக்கம். மேகம் கட்டினால் ஒரு மிஸ்டு கால். மழை விழுந்தால் இரண்டு. வாதி வந்தால் மூன்று. யாருக்கும் செலவில்லை. பத்தாவதை இரண்டு தடவை கோட்டை விட்டு வாப்பாவின் போன் கடையில் உட்கார்ந்திருந்த எனக்கு இது போதாதா? புது சிம் ஒன்றைப் போட்டு மூன்று மிஸ்டு கால் விட்டேன். சமாயில் ஆள்தான் நம்பர் மாற்றிவிட்டான் என்று நினைத்து, தொண்ணூறு கிலோமீட்டர் போய் மொட்டை வெயிலில் நின்றுவிட்டு நேராகக் கடைக்கு வந்தார்.

"ஏன்டா சாகிரு, அந்த நம்பர் ஒங் கடைச் சிம்மு தானடா?"

"யாருண்ணே சொன்னா?"

"ஒன் மூஞ்சி சொல்லுது. போடா. போற வழி பூராம் இந்தா வரும், இந்தா வரும்னுதான் போனேன். அது நல்லாத்தான் இருந்துச்சு."

திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதன் பிறகு அவரை ஏமாற்றுவதில் ருசியே இல்லாமல் போய்விட்டது.

நாலு வருஷமாக அவர் ஊருக்குப் போகவில்லை. அவர் விமானம் ஏறியபோது அவர் மனைவி ஜோதிமணிக்கு நாலு மாசம். பிறந்த பையனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். ஒருவழியாக லீவு கிடைத்து, 2007 ஜூன் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட்டும் வந்துவிட்டது.

அந்த வாரம் திங்கட்கிழமை அவருடைய ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார்கள். புயல் வருகிறது, விமான நிலையத்தை மூடினாலும் மூடுவார்கள், இன்றைக்கே சீட் இருக்கிறது, கிளம்பு. அவர் ஊருக்குச் சொல்லலாம் என்று எங்கள் கடைக்கு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருந்ததா?

"என்னண்ணே, நாலு வருசமா நீங்க வெரட்டுன மேகம் இப்ப ஒங்க வாசலுக்கே வருது. நீங்க பொட்டியத் தூக்கிட்டு ஓடுறீக?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே போய்க் கடல் பக்கத்து வானத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்து, "வெள்ளிக்கிழம டிக்கெட்டு இருக்குல்ல. நாலு நாளுல என்னடா ஆயிரப் போகுது?" என்றார். போனை எடுத்து ஜோதிமணியிடம், "இன்னைக்குச் சீட்டு கெடைக்கல புள்ள. வெள்ளிக்கிழமதான்" என்றார்.

புதன்கிழமை கோனு புயல் வந்தது. நான் மொட்டைமாடிக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். ரூவித் தெருவில் கார்கள் செருப்பு மாதிரி மிதந்தன. அவர் பார்க்கவில்லை. கம்பெனி அவரைக் கீழ்த்தளக் குடோனில் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, பம்ப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. ஜன்னல் இல்லாத குடோன். பகல் முழுக்க டீசல் புகையும் பம்ப் சத்தமும்தான். மேலே ஏறி வந்தபோது மழை விட்டிருந்தது.

ஊர் முழுக்கக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. மற்றவர்களுக்கெல்லாம் லீவு போனதோ இல்லையோ, தண்ணீர் லாரிக்காரர்களுக்கு முதலில் போனது. "ஊர் தாகத்துல கிடக்கு, உனக்கு லீவா? அடுத்த வருஷம். கலாஸ், அவ்வளவுதான்" என்றார் மேனேஜர். அண்ணனின் பாஸ்போர்ட் மேனேஜர் அலமாரியில். அண்ணன் லாரி லாரியாக ரூவிக்கே தண்ணீர் ஊற்றினார். எங்கள் வீட்டுக்கும் ஊற்றினார். நான்தான் லாரிக் குழாயைப் பிடித்தேன். 

ஜூலையில் ஒரு நாள் கடைக்கு வந்து ஊருக்குப் பேசினார். போன் கார்டை நானே சுரண்டிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. எங்கள் போனில் அந்தப் பக்கத்துக் குரல் கடை முழுக்கக் கேட்கும்.

"திங்கக்கிழம பிளேன்ல பக்கத்தூர் மணிமாறன் வந்தாரு" என்றது ஜோதிமணியின் குரல். "பாதி சீட்டு காலியாக் கெடந்துச்சாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். சாகிரு சொல்லித்தான் நின்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"நாந்தான் நின்டேன். புயலப் பாக்கணும்னு" என்றார்.

 பிறகு, "இந்தா, பேசு" என்று அவள் யாரிடமோ போனைக் கொடுப்பது கேட்டது. மூச்சு வாங்குகிற பையனின் சின்னக் குரல் வந்தது.

"மாமா, அங்கிட்டு மழையா?"

அப்பா என்று அவர் திருத்தவில்லை.

"ஆமாப்பா" என்றார். "நல்ல மழ."