லிஃப்டுக்கு மேலே கண்ணைத் திறந்தபடி

லிஃப்ட் பழுதுபார்ப்பதில் என் அக்கா வீட்டுக்காரருக்கு முப்பது வருஷ அனுபவம். அவரும் நானும் ஒரே கம்பெனி. அத்தான் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நிற்பார். நான் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பேன். கூரைமேல் ஏறியதும் அவர் முதல் வேலையாக அங்கிருக்கும் சிவப்பு சுவிட்சை அழுத்தவேண்டும். மறந்தால், கீழே யாராவது பட்டனைத் தொட்டதும் பெட்டி ஆளோடு கிளம்பிவிடும். சுவிட்சை அழுத்தும்போதே அத்தான் கண்ணை மூடி வேண்டிக்கொள்வார். கிண்டல் செய்தால், "உனக்கும் சேத்துதான்டா" என்பார்.

ஒருநாள் வேண்டிக்கொண்டார், சுவிட்சை அழுத்தவில்லை. இரண்டும் ஒரே பழக்கமாகிப்போனதால், ஒன்றைச் செய்ததும் மற்றதும் முடிந்ததாக நினைத்துவிட்டார். பெட்டி மேலே கிளம்பியது. மோட்டார் சத்தம் கேட்டு நான் மெயின் சுவிட்சை அணைத்தேன். அத்தான் தலைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம்.

"கடவுள்தான் காப்பாத்தினார்," என்று அக்கா அன்று அழுது தீர்த்தாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதன்பிறகு அவருடைய நம்பிக்கை மெல்லப் போய்விட்டது. சண்டை சச்சரவெல்லாம் இல்லை. குடியிருந்தவர் சொல்லாமல் காலிசெய்த வீடு மாதிரி, ஒருநாள் பார்த்தால் உள்ளே யாருமில்லை. முதலில் பயந்தார், அப்புறம் நிம்மதியாகிவிட்டார். மேலே அனுப்பிக்கொண்டிருந்த நன்றியெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியது. வாட்ச்மேனுக்கு நன்றி, எண்ணெய் போட்டவருக்கு நன்றி, எனக்கு வாரத்துக்கு நாலு தடவை. தொல்லை தாங்காது. ஆனாலும் அந்த நன்றி எனக்கு வேண்டியிருந்தது.

அக்காவிடம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. தினமும் வாசலில், "வேண்டிக்கிட்டு ஏறுங்க" என்பாள். "ம்" என்பார். அந்த 'ம்'மை நம்பித்தான் அவள் நிம்மதியாக இருந்தாள். எட்டு வருஷம் இப்படியே ஓடியது.

போன மாதம், நானும் அங்கே இருந்தபோது, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டம்மாவிடம் அக்கா அந்தக் கதையைச் சொன்னாள், கடவுள் காப்பாற்றிய கதையாகத்தான். அந்தம்மா போனதும் அத்தான் சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு என்னைக் காப்பாத்தினது உன் தம்பி. வேண்டிக்கிட்ட நினைப்புலதான் சுவிட்சை அழுத்தாம விட்டேன். இப்பல்லாம் நான் வேண்டிக்கிறதே இல்ல. நம்பிக்கையும் இல்ல."

அக்கா துடைத்த டம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ தினமும் என்கிட்ட பொய் சொல்லிருக்கீங்க."

"ஆமா."

"எந்த தைரியத்துல மேல ஏறுறீங்க?"

"சுவிட்சை ரெண்டு தடவை பாப்பேன். உன் தம்பி குரல் குடுத்தப்புறம்தான் வேலைல கை வைப்பேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லிருக்கலாம்ல?" ஈரக்கையால் என் கையைப் பிடித்தாள். வெகுநேரம் விடவில்லை.

இரண்டு நாள் அக்காவுக்கு அத்தானோடு பேச்சில்லை. அந்த மனிதர் முகம் செத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் அவரைக் கூப்பிடப் போனேன். அக்கா வாசலுக்கு வந்து சாப்பாட்டுப் பையை நீட்டினாள்.

"ஏறினதும் சுவிட்சை ரெண்டு தடவை பாருங்க. வேண்டிக்கிறதை நான் பாத்துக்கிறேன்."

"ம்," என்றார் அத்தான். எட்டு வருஷத்துக்குப் பிறகு பொய் கலக்காத 'ம்'. படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி முன்னால் நடந்தேன்.