மெர்லீன் அம்மாள் கொடுத்த நற்சான்று

கைபேசியை ரொட்டி டப்பாமேல் சாய்த்துவைத்துவிட்டு மெர்லீன் அம்மாள் நேந்திரம்பழம் நறுக்குகிறார். கவுன்சில் அலுவலகத்தின் காத்திருப்புப் பாட்டு இருபத்தைந்து நிமிடமாக ஓடுகிறது. “இந்தப் பாட்டைப் போட்டவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்” என்கிறார், கத்தியை ஓங்கியபடி. பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

பெற்றவர்கள் துணையில்லாமல் தன்னந்தனியாக வந்து அடைக்கலம் கேட்கும் பிள்ளைகள், பத்தொன்பது வருடமாகக் கவுன்சில் ஏற்பாட்டில், லண்டனின் குரொய்டன் பகுதியில் இவர் வீட்டில்தான் வளர்கிறார்கள். இப்போது இருப்பவள் எரித்திரியாப் பெண் லுவாம். பதினாறு வயது என்கிறாள். காட்டுவதற்குக் காகிதம் இல்லை. பதினோரு மாதத்தில் அவளுக்கு மூன்று சமூகப் பணியாளர்கள் மாறி, இப்போது நான்காமவர். “புள்ளைக்கு நுனி முடி வெட்ட மூணு பேரு கையெழுத்து வேணுமாம். வெட்டி முடிக்கிறதுக்குள்ள வளந்துடும்!”

பிள்ளையைப் பற்றித் தினமும் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும் என்பது கவுன்சில் விதி. குறையை எழுதமாட்டேன் என்பது மெர்லீன் அம்மாளின் விதி. “பெரிசானப்புறம் ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிக்குங்க. அப்ப அதுங்க வெக்கப்படக் கூடாது, பாரு.” லுவாமிடம் மறைக்க அதிகமில்லை. ‘சொல்லாமலே பாத்திரம் கழுவினாள். தானே இஸ்திரி போட்டாள். முப்பது வயதுக்காரியின் பொறுப்பு’ என்று ஆசை ஆசையாக எழுதினார்.

போன வாரம் கடிதம் வந்தது. வயதைக் கணிக்க வந்த இரண்டு அதிகாரிகள், லுவாமுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். காரணங்களில் மூன்று, மெர்லீன் அம்மாளின் சொந்த வாக்கியங்கள். வரும் வியாழக்கிழமை கவுன்சில் மேலாளர் அதை ஒப்புக்கொண்டால், வேறு ஊரில் பெரியவர்களை அடைத்துவைத்திருக்கும் விடுதிக்கு அவள் தனியாகப் போக வேண்டும்.

பாட்டு நின்றது. போனில் வந்தவர் நான்காவது பணியாளர் கேலம்.

“நீங்க எழுதினதைத்தானே மேடம் எடுத்திருக்காங்க?”

“அது பாராட்டு தம்பி! அதுக்கும் பொறந்த தேதிக்கும் என்னய்யா சம்பந்தம்? ஒம்பது வயசுல அம்மாவைப் பறிகொடுத்துட்டு, ரெண்டு தம்பிங்களுக்கு ஆக்கிப்போட்ட புள்ள. பாத்திரம் கழுவத் தெரியாம இருக்குமா?”

“பழைய குறிப்பைத் திருத்த முடியாது மேடம். புதுசா, சின்னப்புள்ளைத்தனமா ஏதாச்சும் இருந்தா வியாழனுக்குள்ள அனுப்புங்க.”

“சின்னப்புள்ளைத்தனம்! அது உங்க ஆபீஸ்லதான் நெறைய இருக்கு” என்று சொல்லிப் போனை வைத்தார்.

குறிப்பேட்டைத் திறந்தார். லூடோவில் தோற்று, பலகையை வீசி, லுவாம் தேம்பித் தேம்பி அழுததை எழுதினார். தூக்கத்தில் இன்னும் கட்டைவிரல் சப்புகிறாள். அதை எழுதக் கை வரவில்லை. “சண்டாளப் பாவிங்களா, என்னையவே கோள் சொல்ல வெச்சிட்டீங்களே” என்று பேனாவை மேசையில் அடித்தார்.

பள்ளியிலிருந்து வந்த லுவாம் பையை வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நேரே கழுவுதொட்டிக்குப் போனாள்.

“வைடி அதை! போய் டி.வி. பாரு.”

“முடிச்சிட்டுப் பாக்கறேன், ஆன்ட்டி.”

“நான் பெத்தது முப்பது வயசாகியும் குடிச்ச கோப்பையைக் குடிச்ச எடத்துலயே விட்டுட்டுப் போவுது. உனக்கு என்னடி கேடு? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சோம்பேறியா இருந்து தொலையேன்!”

லுவாமின் முகம் சுண்டிவிட்டது. “நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?”

மெர்லீன் அம்மாளுக்குத் தாங்கவில்லை. தட்டுக்கூடையிலிருந்து நீலப்பூத் தட்டை எடுத்துத் தரையில் போட்டார். சிதறியது.

“இந்தா, நீ ஒடச்சிட்ட. இப்படியே எழுதப்போறேன்.”

அவர் பேனாவை எடுப்பதற்குள் லுவாம் துடைப்பத்தோடு வந்து நின்றாள். “அசையாதீங்க ஆன்ட்டி, கால்ல குத்திரும்.”

“விடுடி!” என்று துடைப்பத்தின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. இவரும் விடவில்லை.