இன்னும் ரெண்டு செட்

சிக்கிக்கொண்டவர்களை மீட்பது அவர் தொழில். லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வியர்ப்பவர்களிடம் கதவுக்கு வெளியிலிருந்து தவறாமல் ஒன்று சொல்வார்: "வெக்கப்படாம அலாரத்தை அழுத்தியிருக்கலாம்ல?" அவர்கள் வெளியே வந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் படியில் ஓடிவிடுவார்கள். பேச்சு அத்தோடு சரி.

மனைவி இறந்த பிறகு வீட்டிலும் பேச்சில்லை. மகன் ஞாயிறுதோறும் ஃபோனில் சாப்பிட்டாரா என்று கேட்பான்; பதில் முடிவதற்குள் வைத்துவிடுவான். தோள் வலிக்கு டாக்டர் எடை தூக்கச் சொன்னார். தன் வேலையே எடையோடுதானே என்று இவர் கேட்டதற்கு, அது வேறு, இது வேறு என்றுவிட்டார்.

ஜிம்மில் ஆரம்ப வேகம் சீக்கிரமே ஆறிப்போனது. மனம் தளராமலிருக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி தூக்கச் சொன்னார் பயிற்சியாளர். பார்த்தார். இத்தனை காலம் கேலி செய்துவந்த மச்சானின் தொப்பை இவருடைய பனியனுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. இனி வருவதில்லை என்று முடிவு கட்டிப் பெஞ்சில் மல்லாந்து கிடந்தபோது தலைமாட்டில் ஒருவர் வந்து நின்றார். பஸ் டிரைவர்.

"அண்ணே, இன்னும் எத்தனை செட் இருக்கு?"

பெஞ்சு காலியாகக் காத்திருப்பவர்கள் கேட்கிற கேள்விதான்; அன்று முழுவதும் இவரிடம் ஒருவர் கேட்டதும் அது ஒன்றுதான். தூக்க வேண்டிய செட்டெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஆனால் வாய், "இன்னும் ரெண்டு" என்றது. சொன்ன பாவத்துக்குத் தூக்க வேண்டியதாயிற்று. டிரைவர் நின்றபடியே பிரேக், முழங்கால், மேலதிகாரி எல்லாவற்றையும் குறை சொல்லித் தீர்த்தார். மறுநாளும் இவர் போனார். கேள்வி வந்தது, பொய்யும் வந்தது. உடம்பு தேறியது அந்தப் பொய்யால்தான். பயிற்சியாளரோ, எல்லாம் கண்ணாடியின் மகிமை என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அந்தப் பொய் எடையைத் தாங்கவில்லை. கம்பி நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. டிரைவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஊரையே அலாரம் அழுத்தச் சொன்னவர், வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார்.

டிரைவர் ஓடிவந்து கம்பியைத் தூக்கினார். "கூப்பிட்டிருக்கலாம்ல அண்ணே?"

மூச்சு திரும்பியதும் இவர் உண்மையைச் சொன்னார். "என் செட்டெல்லாம் முன்னாடியே முடிஞ்சிருச்சு."

"தெரியும். தினமும் நீங்க முடிச்சப்புறம்தானே வந்து கேக்கறேன்."

இவர் தலையைத் திருப்பினார். பக்கத்துப் பெஞ்சு காலியாக இருந்தது. என்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. கண்ணாடியில்கூடத் தெரிந்திருக்கும், இவர்தான் மச்சானின் தொப்பையைத் தாண்டிப் பார்க்கவில்லை.