பூட்டி வைத்த வயலின்கள்

1. திறப்பு

மன்னார்ப் பக்கம் இடமாற்றமாகிப் போய், சில வருடங்கள் கழித்துக் கல்முனையிலுள்ள என் பழைய பாடசாலைக்கே சங்கீத ஆசிரியராகத் திரும்பி வந்தேன். அன்று காலை அதிபர் லத்தீப் சேர் மேசை லாச்சியைத் திறந்து, சங்கீத அறையின் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

“நீங்க உட்டுட்டுப் போன மாதிரியே இரிக்கி சேர். ஒரு சாமான் குறையல்ல. ஒருத்தரயும் தொட உடல்ல.”

கடற்கரைப் பக்கம் பார்த்த அறை அது. கதவு ஊதிப்போயிருந்ததால் தோளால் முட்டித்தான் திறந்தோம். வயலின் பெட்டிகளை எல்லாம் பொலித்தீனால் சுற்றி, ஒவ்வொன்றிலும் பூச்சி உருண்டை போட்டு அழகாக அடுக்கியிருந்தார்கள். முதல் பெட்டியைத் திறந்தேன். கழுத்துக் கழன்று கிடந்தது. வில்லின் மயிரைப் பூச்சி தின்றிருந்தது. அடுத்ததில் மேல்பலகை வெடித்திருந்தது. மூலையில் நின்ற, பெரிய வயலின் போன்ற செலோவைத் தூக்கினேன். அதன் முதுகுப் பலகை தரையிலேயே தங்கிவிட்டது.

லத்தீப் சேருக்கு முதலில் விளங்கவில்லை.

“மழைத் தண்ணி படக்கூடாதெண்டு ஜன்னலையும் பூட்டித்தானே வச்சன்? எப்படி சேர் இப்படி?”

காற்றே போகாத அறையில் உப்பும் ஈரமும் சேர்ந்து பசையை இளக்கியிருக்கின்றன. வாசித்துக்கொண்டிருந்தால் யாராவது துடைத்திருப்பார்கள், தந்தியைத் தளர்த்தியிருப்பார்கள், ஒரு வெடிப்பைச் சின்னதாக இருக்கும்போதே கண்டிருப்பார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொலித்தீனைத் தன் கைக்காசில் வாங்கிய மனிதர் அவர்.

“உங்கக்கிட்டப் படிச்ச அந்தப் புள்ள றிஸானா வாப்பாவோட வந்து கேட்டிச்சி,” என்றார் அவர், ஒரு பெட்டியின் தூசியைக் கையால் தட்டியபடி. “ஒரு வயலின ஊட்டுக்குக் கொண்டு போறயாம். மறுகாவும் வந்திச்சி. நான் குடுக்கல்ல சேர். அரசாங்கச் சாமான், உடைஞ்சா யாரு பதில் சொல்லுற?”

அந்த அறையில் நான் பார்த்த எல்லாவற்றையும் விட அந்தச் செய்திதான் எனக்கு வலித்தது.

2. எந்த ரூட்?

இளம் சங்கீத ஆசிரியர்களுக்காக இதை எழுதுவதால், எங்கள் மாணவர் வாத்தியக்குழு எப்படி உருவானது என்பதையும் சொல்ல வேண்டும். சுனாமியில் கடல் வந்து போன பிறகு ஒரு வெளிநாட்டு உதவியில் இந்த வாத்தியங்கள் எங்களுக்குக் கிடைத்தன. சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனைக்குடி என்று பல ஊர்ப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். செலோ வாசித்த பையன் வீரமுனையிலிருந்து சைக்கிளில் வருவான். நான் ஓர்கெஸ்ட்ரா கண்டக்டர் என்று அறிமுகப்படுத்தினால், “எந்த ரூட் சேர்?” என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பாட்டுக்கே முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். சண்டை போடாமல், பயிற்சியை வந்து கேட்கும்படி அவர்களைக் கூப்பிட்டேன். சிலர் வந்தார்கள், சிலர் கடைசிவரை வரவில்லை.

முதல் வயலின் றிஸானா. நெசவுத்தறி ஓட்டுபவரின் மகள். ஒரு மாகாணப் போட்டியில் நான் பதற்றத்தில் ஒரு தாளச் சுற்று முந்திக் கை காட்டிவிட்டேன். அவள் என் கையைப் பார்க்காமல் மனதுக்குள் எண்ணிச் சரியான இடத்தில் தொடங்கினாள். குழு முழுவதும் அவளைப் பின்தொடர்ந்தது. இறங்கி வரும்போது, “சேர், நான் பிழையா செஞ்சிட்டனா?” என்று என்னிடமே கேட்டாள்.

அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வந்தது. பதில் ஆசிரியர் யாரையும் போடவில்லை.

3. விரல்

கொழும்பில் பழுது பார்ப்பவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். சில வயலின்களைத்தான் மீட்க முடிந்தது. செலோ இனித் தேறாது என்று அவர் அதைத் திருப்பித் தந்தார்.

றிஸானா அப்போது பஸாரில் ஒரு பார்மசியில் வேலை செய்துகொண்டிருந்தாள். உயர்தர வகுப்பில் சங்கீதத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்திருந்தாள். “வந்து ஒருக்கா வாசிச்சுப் பாருங்க மகள்,” என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை உம்மாவோடு வந்தாள்.

வயலினைத் தோளில் வைத்த விதம் மாறவே இல்லை. நாடியும் முழங்கையும் அதே இடத்தில் நின்றன. ஒரு ஸ்கேல் தொடங்கினாள். மூன்றாவது சுரத்தில் விரல் தவறியது. மறுபடி தொடங்கினாள், மறுபடியும் தவறியது. உம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“காதுக்கு வருது சேர். விரலுக்கு வருகுதில்ல.”

“பழகினா வரும். இதக் கொண்டு போங்க. அதிபரிட்ட நான் கதைக்கன்.”

அவள் வில்லைத் தளர்த்தி, தந்திகளைத் துணியால் துடைத்து, வயலினைப் பெட்டியில் வைத்தாள். நான் கற்றுக்கொடுத்த ஒழுங்கில் ஒன்றும் தப்பவில்லை.

“அப்ப கேட்ட நேரம் வேற சேர். இப்ப காலையில கடை, பின்னேரம் ஊட்டு வேல. இனி என்னால ஏலா. இத சின்னாக்களுக்குக் குடுங்க.” பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “ஆனா அவங்கள ஊட்டுக்குக் கொண்டு போக உடுங்க சேர்.”

அதை லத்தீப் சேரிடம் அப்படியே சொன்னேன். அவர் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிடச் சொன்னார். வயலின்களை அவர் கையாலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

நான் ஓய்வு பெறும்வரை அந்த வயலின்கள் வீடுகளில்தான் இருந்தன. ஒன்றின் மேல் யாரோ ஒரு தம்பி ஏறி உட்கார்ந்தான். இன்னொன்று ஓட்டோவிலிருந்து விழுந்தது. இரண்டையும் திருத்திக்கொண்டோம். உங்கள் பாடசாலைக்கு வாத்தியம் வந்தால், முதல் நாளே அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்புங்கள். உடைந்த வயலினைத் திருத்தக் கொழும்பில் ஆள் இருக்கிறார். றிஸானாவின் விரல் மறந்ததைத் திருத்த அப்படி ஒருவரை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.